மழைத் தண்ணீரில் கழுவிய இன்ஜின்

உப்பளத்துப் பம்பு கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். என் கணவர் அர்ச்சுனன் மட்டும் நின்றுகொண்டு குடிப்பார். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன நாட்களிலேயே இதைக் கவனித்திருக்கிறேன். கொட்டகையின் நடுவில் ஒரு பழைய இன்ஜின் கிடக்கும். அதன்மேல் ஒரு பலகை. அதுதான் அங்கே மேசை. டீ கிளாஸ், பீடிக்கட்டு, வெற்றிலைப் பை எல்லாம் அதன்மேல்தான் இருக்கும். இவர் தன் கிளாஸைக் கையிலேயே வைத்திருப்பார். சூடு தாங்காவிட்டால் துண்டைச் சுற்றிக்கொள்வார். கேட்டால், "நின்னா சீக்கிரம் ஆறும்" என்பார். நின்றால் டீ ஏன் சீக்கிரம் ஆற வேண்டும் என்று, கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற எனக்குப் புரியவில்லை. பதினெட்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த கிளாஸ்தான்.

மரக்காணம் அளத்தில் அவர் மேஸ்திரி. பாத்தித் தண்ணீரின் கனத்தைப் பார்ப்பது அவர் வேலை. அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் குண்டு, மேலே கோடு கோடாக எண்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எந்தக் கோடு வரை மூழ்குகிறதோ அதுதான் டிகிரி. கழுவெளி உப்பங்கழியிலிருந்து ஏற்றுகிற தண்ணீர் மூன்று டிகிரி காட்டும். வெயிலில் பாத்தி பாத்தியாக மாற்றி, இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு விழும். வருஷம் முழுக்க அந்த எண்ணை ஏற்றுவதற்காகவே நூற்றுக்கணக்கான பேர் வெயிலில் நின்றார்கள். இவர் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வேறு ஆள். பழைய வண்டி எதையாவது கழற்றி, கழுவி, திரும்ப மாட்டுவார். முதலில் யாரோ குப்பையில் போட்ட ஒரு ஸ்கூட்டர். அப்புறம் தீயணைப்பு நிலைய ஏலத்தில் வந்த ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸ், ஜீப் இல்லாமல். அதைக் கழற்றி ஒவ்வொரு பல்லாக எண்ணெய் பூசி மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்றால், "உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்தேன்" என்பார். அதற்குமேல் அவருக்கும் காரணம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

2004 ஆனியில் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரில் கார் வந்து இறங்கியது. ஸ்டாண்டர்டு டென், ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. உப்பள முதலாளி பாலகுருவின் கார். அவருடைய வயலோர மாமரத்தடியில் இருபது வருஷமாக நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. டிக்கியில் ஆடு குட்டி போட்டது. பானெட்டைத் தூக்கினால் தரை தெரிந்தது. இன்ஜின் இல்லை.

இவர் போய்க் கேட்டதும் பாலகுரு யோசித்தது ஆட்டைப் பற்றித்தானாம். "ஆடு எங்கப்பா போவும்? அதுக்கு ஒரு கொட்டாய் போட்டுக் குடு, வண்டிய எடுத்துக்கினு போ." நாலு ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கட்டிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்து வந்தார்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை வேலியோரம் நின்று பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, கோழிக்கூண்டு எறக்கியிருக்கீங்க?"

"கோழி தனியா வருதாம்" என்றேன்.

எங்கள் ஊரில் புதிதாக அடித்த ஆணியே ஒரு வாரத்தில் சிவந்துவிடும். காற்றில் அவ்வளவு உப்பு. அந்தக் காரின் தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. திண்டிவனத்து மெக்கானிக் கௌதமன் ஞாயிறுதோறும் பைக்கில் வந்து புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தான். இவர் கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஊறுகாய் பாட்டில்களில் போட்டுச் சீட்டு ஒட்டினார். கதவுக் கைப்பிடி ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து அதில் தன் முகம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உடம்பு தயாராகிக்கொண்டே வந்தது. இன்ஜின் மட்டும் வரவில்லை.

"அண்ணே, மெட்ராசு புதுப்பேட்டையில இந்த வண்டியோட இன்ஜின் ஒண்ணு கெடக்குது. நான் போய்ப் பாத்துட்டேன். நல்லா இருக்குது. நீ சரின்னு சொன்னா அடுத்த வாரமே வண்டி ஓடும்" என்றான் கௌதமன்.

"பாக்கலாம்."

"ஆறு மாசமா இதையே சொல்ற. அண்ணி, நீங்களாவது கேளுங்களேன்."

கேட்டேன். "பாக்கலாம்" என்றுதான் எனக்கும் பதில்.

அந்த டிசம்பரில் சுனாமி அலை வந்தது. அளத்துக்குள் சேறு ஏறி, பம்பு கொட்டகையின் ஒரு பக்கம் சாய்ந்தது. மாசி மாதம் கொட்டகையைப் பிரித்து மேட்டில் கட்ட முடிவு செய்தார்கள். உள்ளே கிடப்பதையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடச் சொல்லி உத்தரவு. அன்று சாயங்காலம் இவரும், பம்பு பார்க்கிற முருகையனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மாட்டுவண்டியில் அந்த மேசையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். பலகை இல்லாமல் அதை அன்றுதான் பார்த்தேன். கறுப்பும் சிவப்புமான ஒரு கட்டி. ஓட்டைகளிலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"இதுதான் அந்த வண்டியோட இன்ஜின்" என்றார்.

"டீ குடிக்கிற மேசையா?"

"ம்."

எல்லோரும் போன பிறகு இன்ஜினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் சொன்னார். எண்பத்துமூன்றாம் வருஷக் கோடை. பம்பு இன்ஜின் உடைந்துபோனது. உப்பு விழுகிற நேரம், தண்ணீர் நிற்கக் கூடாது. பாலகுரு தன் காரின் இன்ஜினையே கழற்றிப் பம்பில் மாட்டச் சொன்னார். சூடு தணிய ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்து, அது இன்ஜினுக்குள் போய் வருகிற மாதிரி குழாய் கொடுத்தார்கள். இவருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. பகலில் இன்ஜின் பார்க்கும் வேலை இவருக்கு. டிரம்மில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும்.

"நல்ல தண்ணி கொடத்துல ஒண்ணரை மைல் தாண்டி வரணும், ரேணு. நாப்பது பேரு குடிக்கிற தண்ணி. அதை எடுத்து மிஷினுக்கு எவன் ஊத்துவான்? பக்கத்துலயே பாத்தி நெறையத் தண்ணி நிக்கிது. மொண்டு ஊத்துனேன்."

"பாத்தித் தண்ணியா? எத்தனை டிகிரி?"

"பதினெட்டோ பத்தொம்பதோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சூட்டில் அந்தத் தண்ணீர் வற்ற வற்ற, இன்ஜினுக்குள்ளேயே ஒரு உப்பளம் நடந்திருக்கிறது. மூன்றாவது வாரம் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு அடைத்து, சூடேறி, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பழைய வண்டி, ஆயுசு முடிந்துபோயிற்று என்று பாலகுரு சொல்லிவிட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"அவரு அந்த வண்டியில பாண்டிச்சேரி போவாரு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கினு. அதுக்கப்புறம் பஸ்சுலதான் போனாரு."

"இப்ப போய்ச் சொல்லிடலாமே?"

"செத்த இன்ஜினை வெச்சிக்கினு இன்னான்னு சொல்றது? இது ஓடணும். இதே இன்ஜின், அதே வண்டியில ஓடணும். அப்புறம் போய்ச் சொல்லணும்." ஓட்டையில் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அவருக்கு எழுவத்தெட்டு ஆயிடுச்சி" என்றார்.

அடுத்த ஞாயிறு கௌதமன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டார்ச் அடித்தான். சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. இத்தன சூடு ஏறுன பிளாக்கு எங்கனா வெடிச்சிருக்கும். இப்ப தெரியல, ஏன்னா உப்பு அடைச்சிக்கினு இருக்குது. நீ உப்பைக் கரைச்சா வெடிப்பும் தெரிஞ்சிடும். பிளாக்கு வெடிச்சிருந்தா அவ்ளோதான். எடைக்குத்தான் போடணும்."

"கரைக்காம?"

"கரைக்காமயும் ஓடாது."

கரைப்பது என்று முடிவானது. டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டி, பிஸ்டன்களை வெளியே எடுக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. பிறகு வெறும் பிளாக்கை, அதாவது இன்ஜினின் இரும்பு உடம்பை மட்டும், ஒரு சிமென்ட் தொட்டியில் இறக்கித் தண்ணீர் நிரப்பினார். மறுநாள் காலையில் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டார்.

"ஆறு" என்றார். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினார்.

தண்ணீரை மாற்றினார். இரண்டு நாள் கழித்து நாலு. மறுபடி மாற்றினார். மூன்றரை. இப்படியே வைகாசி வரை. நோட்டின் முன்பக்கம் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன, கடைசிப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. இதில் எனக்கே ஆசை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே தொட்டிக்குத்தான் போவேன்.

வீட்டுக்கு வருகிற குழாய்த் தண்ணீரில் பாதி அதற்கே போயிற்று. பாஞ்சாலை வேலிக்கு மேலே கேட்பாள். "டீச்சரம்மா, கொழந்தையக் குளிப்பாட்டியாச்சா?"

"ஆச்சு. தலைக்கு நாளைக்கு."

"நாங்க வாளியத் தூக்கிக்கினு அலையறோம். உங்க வூட்டுல இரும்பு குளிக்கிது."

ஆனி பிறந்தபோது கண்ணாடிக் குழாய் பூஜ்யம் காட்டியது. இவருக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பு இல்ல" என்றார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். துருவின் ருசிதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து உப்பளத்தில் இருக்கிற நாக்குக்கு உப்பு தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல் முடிந்து பாட்டில் அடியில் மிஞ்சியிருந்த சில்வர் நைட்ரேட்டைக் கொஞ்சம் கொண்டுவந்தேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். பால் மாதிரி வெளுத்தது.

"இன்னா இது?"

"உப்பு. நம்ம நாக்குக்குத் தெரியாத உப்பு. இருந்தா வெளுக்கும். இல்லேன்னா தண்ணி தண்ணியாவே இருக்கும்."

குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு விரலில் பட்டுவிட்டது. மறுநாள் விரல் நுனி கறுத்தது, ஒரு வாரம் போகவில்லை. அளத்தில் முருகையன், "மேஸ்திரி யாருக்கோ ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காரு, தேர்தலே இல்லாம" என்று சொன்னானாம்.

அதன்பின் ஒரு மாதம் கழுவினோம். ஒவ்வொரு முறையும் வெளுத்தது. ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் எரிச்சலில் தொட்டியை விட்டுவிட்டு, சமையலறைக் குடத்திலிருந்து நாங்கள் குடிக்கிற தண்ணீரை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். அதே வெளுப்பு. இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப இத்தன நாளா உப்புத் தண்ணியிலதான் உப்பைக் கழுவிக்கினு இருந்தோமா?"

"ஆமாங்க."

"அதைத்தான் நாம குடிக்கிறோமா?"

"ஆமாங்க."

"இன்ஜினு தேவலாம் போல" என்றார்.

மழைதான் வழி என்று ஆயிற்று. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் பிளாக்கை எண்ணெய் பூசி, பாலிதீன் சுற்றி வைத்தார். ஐப்பசியில் மழைக்காக அளத்தை மூடினார்கள். அந்த வருஷம் மழை கொட்டியது. பெருமுக்கல் பக்கம் ரோட்டில் தண்ணீர் போய்ப் பஸ் நின்ற நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முதல் மழையைக் கூரை கழுவப் போகவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து பிடித்தோம். அண்டா, குண்டான், பாஞ்சாலை வீட்டுத் தவலை, துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் கூரையடியில் வரிசையாக நின்றன. இந்த முறை பாஞ்சாலை கேலி செய்யாமல் தவலையைக் கொடுத்தாள். நான் காட்டிய வெளுப்பை அவளும் பார்த்திருந்தாள். தன் வீட்டுக்கும் இரண்டு குடம் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டாள்.

முதல் தண்ணீர் வெளுத்தது. இரண்டாவது குறைவாக. தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஏழாவது தண்ணீரில் சொட்டு விட்டேன். குழாயில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிளாக்கைத் துடைத்துத் துணி விரித்து வைத்தார். பக்கவாட்டில் ஒரு தட்டையான பரப்பில் இன்ஜின் நம்பரின் எண்கள் தெரிந்தன. அதுவரை உப்பும் துருவும் மூடியிருந்தவை. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எண் வரை சரியாக இருந்தது.

இனி வெடிப்பு. ஓட்டைகளை அடைத்துவிட்டு உள்ளே மழைத் தண்ணீர் நிரப்பி, அடியில் உலர்ந்த சிமென்ட் தரை தெரியும்படி மேடை மேல் வைத்தார். சாயங்காலம் வரை சொட்டில்லை. மறுநாள் காலை நான் கோலம் போடப் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். மேடைக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

கௌதமனுக்குப் போன் செய்ய அவர் விடவில்லை. காபி ஆறிப்போயிற்று. ஆளில்லாத அளத்துப் பக்கம் நடந்துபோய்விட்டு மத்தியானம்தான் வந்தார்.

நானே கௌதமனை வரவழைத்தேன். அவன் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடி வைத்து அடியில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விரலை உள்ளே விட்டுச் சுரண்டினான். துருத் துகள் உதிர்ந்தது.

"அண்ணே, இங்க வா. இது வெடிப்பில்ல. வார்க்கும்போது மண்ணு எடுக்கறதுக்கு ஓட்டை விடுவாங்க, அதுக்கு ஒரு தகட்டு மூடி. அது இத்துப்போயிருக்குது. உப்புதான் இத்தன நாளா மூடி வேலை செஞ்சிருக்குது. புதுசா பித்தளையில அடிச்சிடலாம்."

"பிளாக்கு?"

"பிளாக்கு உன்னவிட நல்லா இருக்குது."

பித்தளை மூடிகள் நாலு. புது பிஸ்டன் வளையங்கள். திண்டிவனம் பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்தெடுத்தார்கள். 2006 தையில், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், வண்டி உயிர் பெற்றது. முதலில் இருமியது, அணைந்தது, மறுபடி இருமியது. நாலாவது முறை ஓட ஆரம்பித்து நிற்கவேயில்லை. பாஞ்சாலை வேலியோரம் வந்து நின்றாள். "சத்தம் கம்மியாத்தான் இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த ஞாயிறு பிரம்மதேசம் போனோம். இவர் ஓட்டினார். நான் முன்னால், கௌதமனும் முருகையனும் பின்னால். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

பாலகுரு சத்தம் கேட்டே வெளியே வந்துவிட்டார். பார்வை மங்கியவர். வண்டியின் முகப்பைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று சுற்றிவந்தார். "ஓடுதே" என்றார். "டேய் அர்ச்சுனா, இன்ஜினு எங்க புடிச்ச?"

"இதோட இன்ஜினுதாங்க."

"எதோட?"

"இதே வண்டியோடதுங்க. பம்புல மாட்டுனது."

பாலகுரு கையை பானெட் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. "மொதலாளி, அந்த இன்ஜினு தானா நிக்கலிங்க. நான்தான் கெடுத்தேன். டிரம்முல நல்ல தண்ணிக்குப் பதிலா பாத்தித் தண்ணி ஊத்திட்டேன். அப்ப சொல்லல."

பாலகுரு புருவத்தைச் சுருக்கினார். "பாத்தித் தண்ணியா?"

"ஆமாங்க."

"அதனாலயா நின்னுச்சி?"

"அதனாலதாங்க."

"அடப்பாவி. நானும்தான ஊத்துனேன்."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் நான் வந்து பாக்கும்போது டிரம்மு கொறைஞ்சிருக்கும். வாளி அங்கயே கெடக்கும். மொண்டு ஊத்திட்டுப் போவேன். பின்ன குடிக்கிற தண்ணியவா ஊத்துவாங்க?" பின் சீட்டுப் பக்கம் திரும்பினார். "ஏம்பா முருகையா, ராத்திரிப் பம்பு நீதான பாத்த? நீ இன்னா ஊத்துன?"

முருகையன் தலையைச் சொறிந்தான். "பாத்தி தூரமுங்க. நான் வாய்க்கா தண்ணிதான்."

"வாய்க்காலு மட்டும் இனிப்பா?" என்றார் பாலகுரு. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. கௌதமனும் சிரித்தான். நானும்.

இவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். நிம்மதி இருந்தது. கூடவே, தனக்கென்று வைத்திருந்த ஒன்றை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு முகமும் இருந்தது. பாலகுருவை ஏற்றிக்கொண்டு பெருமுக்கல் மலையடிவாரம் வரை போய் வந்தோம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வந்தார் பெரியவர். இறங்கும்போது, "ஆட்டுக் கொட்டாய் ஒழுவுது, வந்து பாரு" என்றார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இவர் வண்டியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்தார். முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். நாலாவது ஞாயிறு, வாளியும் துணியுமாக வண்டிக்கடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் மழைத் தண்ணீர்க் குடம்.

"அதான் சொல்லியாச்சே. இன்னும் எதுக்குக் கழுவுறீங்க?" என்றேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. "காத்துல வருதே."

புதுக் கொட்டகையில் அவர் உட்கார்ந்து டீ குடிப்பதாக முருகையன் சொன்னான். மேசையாக ஒரு மரப்பெட்டி போட்டிருக்கிறார்களாம்.

அந்த வருஷம் ஆவணியில் ஒருநாள் பாத்தி வரப்பில் டிகிரி பார்க்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கண்ணாடிக் குழாய் உடையாமல் பாத்தியில் மிதந்துகொண்டிருந்ததாம். முருகையன் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

வண்டியை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். இப்போது மழைக்காலம். கூரையடியில் அண்டா வைத்திருக்கிறேன். பாஞ்சாலை கேட்காமலேயே தவலையைக் கொண்டுவந்து வைத்தாள். போன ஞாயிறு ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மிக லேசாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு, ஒரு வெளுப்பு.

ரேடியேட்டரின் அடியில் உள்ள குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடியவிட்டேன். முழுக்க வடிந்த பிறகு, தவலையிலிருந்து மொண்டு ஊற்றினேன்.